வேலியோரக் காந்தளும் குடியானவர் கடமையும்

மழை தொடங்கியதும் வேலியோரங்களில் முளைத்து, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தணலைப்போல் மலர்ந்து நிற்கும் செங்காந்தளை அறியாத குடியானவர் அரியர். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பனவெல்லாம் இதன் பெயர்களே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய 99 மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவேயாம். அங்ஙனமிருந்தும், வேலிகளிலும் காட்டோரங்களிலும் தானே வளரும் கொடி வரவர அருகி வருகின்றது.

கொடியின் இயல்பு

இதன் இலைநுனி சுருண்டு, பற்றுக்கொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆகையால் கிளுவை வேலியும் விராலிப் புதரும் இதற்கு ஏற்ற இடங்களாகும். ஆறு இதழ்களும் முதலில் பசுமையாயிருந்து, மஞ்சளாகி, பின் செந்நிறம் பெறும். காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். கலப்பை போன்று கவைத்த அக்கிழங்கின் நுனியில்தான் முளை உண்டு. நுனி முறிந்தால் அக்கவை முளையாது. விதையிலிருந்து வளரும் செடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

அருகி வருவதன் காரணங்கள்

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதிகளில் இது பணப்பயிராகச் சாகுபடி செய்யப்படுகின்றது. விதையிலுள்ள கோல்சிசின் என்னும் சத்து மூட்டுவாத மருந்துக்கு வேண்டப்படுவதால் நல்ல விலையுண்டு. விதையிட்டுக் காத்திருப்பதைவிடக் கிழங்கு நடுவது எளிதாகையால், நடவுக்கென்று காட்டுக் கிழங்குகள் தோண்டப்படுகின்றன. உயிர்வேலிகளை அழித்துக் கல்லுங் கம்பியும் நடுவது இரண்டாவது காரணம். கோடையில் மண்வெட்டும் இயந்திரத்திற்குக் கிழங்கிருக்குமிடம் தெரிவதில்லை.

நஞ்சென்று அஞ்சித் தோண்டி எறிவாரும் உளர். கொடி முழுதும் நஞ்சென்பது உண்மையே. கிழங்கைத் தின்று மாண்டவர்களும் உண்டு. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கினால் ஒருவருக்கும் தீங்கில்லை. தோண்டி வெளியே போட்ட கிழங்கே பிள்ளைகள் கையிலும் மாட்டின் வாயிலும் அகப்படுகின்றது.

ஆஸ்திரேலியாவின் கடற்கரை மணற்குன்றுகளில் இதே கொடி களையாகப் பரவியுள்ளது. அத்துணை வலிய செடி சொந்த மண்ணில் அருகுவது மனிதர் செயலாலேயே.

காட்டுக்கொடியால் பயன் யாது?

கிழங்கு வழியே பெருக்கும் பயிரில் கிழங்கழுகல் முதலிய நோய்கள் நடவுக் கிழங்கோடு தொடர்ந்து வரக்கூடும். அத்தகைய காலத்தில் வேறு வகைகளைத் தேடவேண்டின், பலவிதமாய் வளர்ந்த காட்டுக்கொடியே சேமநிதி. அதனைத் தோண்டி நடுபவர், விதைநெல்லைக் குத்திச் சோறாக்குபவரை ஒப்பர்.

செய்யத்தக்கவை

1. நடவுக் கிழங்கைத் தம் வயலிலிருந்தோ, சாகுபடி செய்யும் பிறரிடமிருந்தோ பெறுக. காட்டுக் கிழங்கை விலைக்கு வாங்கற்க.

2. கார்த்திகையில் பூத்த இடங்களில் முளைக்குச்சி நட்டு அடையாளமிடுக. கோடையில் வேலி திருத்துகையில் அவ்விடங்களை விட்டுவிடுக.

3. வேலிக்கொடியின் காய்கள் சிலவற்றைப் பறியாது வெடித்து விழ விடுக.

4. உழவில் வெளிப்பட்ட கிழங்கை உடனே வேலியடியில் நுனி முறியாமல் புதைத்துக் கைகளைக் கழுவுக.

5. ஓடைக்கரை, புறம்போக்கு ஆகியவற்றில் புதர் வெட்ட ஏற்பாடு செய்யும் கிராம அதிகாரிகள், பூக்கும் பருவத்திலேயே காந்தள் உள்ள இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நலம்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது ஆண்டுக்கொரு நாள் கவனமே. வருகிற கார்த்திகையில் ஒவ்வொருவரும் தத்தம் வேலியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராக.