பழைய நோயின் மிச்சம்தானே என்று விட்டுவிடலாமா?



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. விதிப்படி அபராதம் எழுதினார்கள். "தவணை கட்டணுமேன்னு ஒளிஞ்சுக்கிறாங்க" என்று பேச்சும் வந்தது. ஊக்குநரும் நாங்களும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

அந்த அம்மா ஆறு மாதத்துக்கு முன்பு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தவர். நன்றாகத் தேறி, சமைக்கவும் பால் கறந்து ஊற்றவும் தொடங்கியிருந்தார். இப்போதோ கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி சின்னச் சின்ன எட்டாக நடந்தார். மகனை வெளியே அனுப்பிவிட்டு மெல்லச் சொன்னார்: "ஒண்ணுக்கு அடக்க முடியல. கூட்டத்துல உட்கார்ந்திருக்கறப்ப ஆயிடுச்சுன்னா என்ன பண்றது?"

வீட்டில் கேட்டால், "பழைய நோயோட மிச்சம். உயிர் பிழைச்சதே பெரிசு" என்றார்கள். இந்த ஒரு வார்த்தையால்தான் பல பெண்கள் வைத்தியம் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். அதனால் இந்த இதழில் இதைப் பற்றிப் பேசுவோம்.

மூளையில் ரத்தக்கசிவு என்றால் என்ன?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிவதுதான் இது. பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட பிரஷரால் வருகிறது. சிலருக்குக் குழாயில் ஓரிடம் சைக்கிள் டியூப் புடைப்பது போலப் புடைத்து வெடிக்கும். தலையில் அடிபட்டாலும் கசியலாம். கசிந்த இடத்தைப் பொறுத்து கை, கால், பேச்சு, ஞாபகம் பாதிக்கப்படும்.

பிழைத்து வந்தபின் இருக்கும் பலவீனம் மெல்ல மெல்லக் குறையும், அல்லது அப்படியே நிற்கும். தேறி வந்தவருக்குத் திரும்பவும் மோசமானாலோ, முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்தாலோ, அதை மிச்சம் என்று சொல்லக்கூடாது. காரணம் தேட வேண்டும்.

உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டியவை

* திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுதல், கை கால் விழுதல், பேச்சு குழறுதல், கண் தெரியாமல் போதல்
* இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம்
* வலிப்பு
* திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி அது. இது கசிவா, அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், அது போதும்.

மெல்ல வருபவையும் உண்டு

நடை தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாதது, மறதி: மூளையைச் சுற்றி ஒரு நீர் தினமும் சுமார் அரை லிட்டர் சுரந்து, சுரந்த அளவு வடிந்துவிடும். கசிந்த ரத்தம் அந்த வடிகாலை அடைத்தால் நீர் தேங்கும். வாய்க்காலில் மண் அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்பது போலத்தான். இது வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரலாம்.

கீழே விழுந்தபின் வரும் தலைவலி, தூக்கக் கலக்கம்: விழுந்து சில வாரங்கள் கழித்துக்கூட மூளையின் மேல்பக்கம் ரத்தம் சேர்ந்திருக்கலாம். "லேசாத்தான் விழுந்தேன்" என்று மறைக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைலம் தேய்த்து உருவக்கூடாது.

பலவீனமான கையில் தோள் வலி: மூட்டு இறுகியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடாதீர்கள். பிசியோதெரபி உதவும்.

மாத்திரையால் வருபவை: சில பிரஷர் மாத்திரைகளால் இரண்டு பாதமும் வீங்கும். சில வலிப்பு மாத்திரைகளால் தள்ளாட்டம், ஈறு வீக்கம் வரும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பே வந்துவிடும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் ஆபத்து. சில வலி மாத்திரைகள் கசிவை அதிகமாக்கும்.

எதிலும் மனம் ஒட்டாமல் அழுதுகொண்டே இருப்பது: இது சோம்பலும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. இந்த நோய்க்குப் பின் பலருக்கும் வரும் மனச்சோர்வு. இதற்கும் வைத்தியம் உண்டு.

எல்லாமே தலையிலிருந்துதான் வருகிறது என்றும் எண்ண வேண்டாம். அசதிக்கு ரத்தசோகையோ, சர்க்கரையோ, தைராய்டோ காரணமாக இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

டாக்டரிடம் போகும் முன்

குழுக் கணக்கு எழுதுவது போல ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன தொந்தரவு, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, கூடுகிறதா குறைகிறதா, புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது, எப்போதாவது விழுந்தாரா. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், சாப்பிடும் மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "எனக்கு முன்னாடி மூளையில ரத்தக்கசிவு வந்திருக்கு. இப்ப வந்திருக்கறது புதுசு."

பிரஷர் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டு அதையும் எழுதிவைத்து, விடாமல் பார்த்து வாருங்கள். மறுபடி கசிவு வராமல் காப்பதில் பிரஷர் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அம்மா என்ன ஆனார்?

குழுவில் அவசரக் கடன் கொடுத்து, இரண்டு உறுப்பினர்கள் துணைக்குப் போனார்கள். ஸ்கேனில் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் வைத்து நீரை வடியவிட்டார்கள். மறதி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நடை திரும்பிவிட்டது, சிறுநீரும் கட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது கூட்டத்துக்கு அவரே நடந்து வருகிறார். அபராதத்தைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். இன்னொன்றும் எழுதினார்கள்: நோயிலிருந்து எழுந்தவர் இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால், அபராதம் எழுதும் முன் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும்.

உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். வெட்கத்தால் வெளியே சொல்லாமல் இருப்பார். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "புதுசா ஏதாவது பண்ணுதா?" என்று தனியாகக் கேளுங்கள்.