உவர் நிலத்தில் ஒரு தைல மரம்

தைல மரம் (யூகலிப்டஸ்) நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணற்றை வற்றவைக்கும் என்பது நம் ஊரில் பழைய குற்றச்சாட்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்திலோ அந்தக் குணத்துக்காகவே அதை நட்டார்கள்.

ஆண்டுக்கு 300 முதல் 600 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் மானாவாரிச் சீமை அது. மண்ணின் ஆழத்தில் உப்பு நெடுங்காலமாகத் தேங்கியிருந்தது. ஆழ வேரோடிய காட்டு மரங்கள் மழைநீரைக் குடித்துத் தீர்த்தவரை உப்பு மேலே வரவில்லை. காட்டை அழித்துக் கோதுமை விதைத்த பிறகு, குடிக்க ஆளில்லாத நீர் உள்ளே இறங்கியது. நீர்மட்டம் உயர்ந்தது, கூடவே உப்பும் ஏறியது. சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நிலம் உவர்ப்பட்டுப்போனது.

1990களில் உழவர்கள் கோதுமை வயல்களின் ஊடே வரிசை வரிசையாக நடத் தொடங்கியது ‘மாலி’ என்னும் குட்டை யூகலிப்டஸ் வகை. இதன் உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது. அடிமரம் கட்டையாகப் புடைத்திருக்க, அதற்குள் மொட்டுகள் உறங்குகின்றன. காட்டுத்தீ மேல்மரத்தை எரித்தாலும் அவை துளிர்த்துவிடும். தீ செய்ததை இப்போது அறுவடை இயந்திரம் செய்கிறது: நட்டு ஐந்தாறு ஆண்டில் முதல் வெட்டு, பிறகு சில ஆண்டுகளுக்கொருமுறை. மறுநடவே வேண்டாம்.

இலையை நீராவியில் வடித்தால் தைலம் கிடைக்கும். நல்ல வகைகளில் அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சினியோல், நம் நீலகிரித் தைலத்தில் மணக்கும் அதே பொருள். மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேமிக்கும் கார்பனின் கணக்கு சற்றுச் சிக்கலானது. வெட்டிய தண்டிலும் இலையிலும் உள்ள கார்பன் வயலை விட்டுப் போய்விடுகிறது. கட்டையிலும் வேரிலும் சேர்ந்தது மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. கார்பனுக்காக மட்டும் நட்டவர்கள் வெட்டாமலே விடுகிறார்கள். ஆனால் வெட்டாத வரிசை பக்கத்துக் கோதுமையின் ஈரத்தையும் பல மீட்டர் தூரத்துக்கு இழுத்துக்கொள்ளும். வெட்டினால் அந்தப் போட்டி தணியும். அதனால் உழவருக்கு ஏற்றது வெட்டும் மரம்தான் என்பேன். ஆங்காங்கே சில வரிசைகள் நட்டு, வட்டாரத்தின் நீர்மட்டமே இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தைலச் சந்தை சிறியது, அதை மட்டும் நம்பிப் பெருமளவில் நட முடியாது. 2000களின் நடுவில் நாரோஜின் ஊரில் ஒரு சோதனை ஆலை, ஒரே மரத்திலிருந்து தைலம், மின்சாரம், வடிகட்டிகளுக்கான கரி மூன்றையும் எடுத்துக்காட்டியது. அது வணிக ஆலையாக வளரவில்லை. பச்சை மரம் கனம் மிகுந்தது, விலை குறைந்தது. நெடுந்தூரம் ஏற்றினால் வண்டிக்கூலியே அந்த விலையைத் தின்றுவிடும். இந்த உழவர்களுக்குத் தேவை வயலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலை.