சைக்கிள் ஓட்டுவோரின் முழங்கால் நோவு

நத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், விடியுமுன் பாற்கேனைப் பின்புறம் கட்டிக்கொண்டு சங்கத்திற்குச் செல்வோரும், மாம்பழக் காலத்தில் கூடைகளை ஏற்றிச் செல்வோரும் சைக்கிளையே நம்பியுள்ளனர். முழங்கால் நோகத் தொடங்கியதும், அவர்களிற் பலர் வயதின்மீதும் வாயுவின்மீதும் பழியைப் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாளும் அதே வண்டியில் ஏறுகின்றனர். ஆசனத்தின் உயரத்தைப் பற்றி அவர்கள் சிந்திப்பதில்லை.

முழங்காலின் முன்புறம் சில்லு போன்ற எலும்பு ஒன்று உண்டு. தொடைத் தசை அதனை இழுத்தே காலை நீட்டுகிறது. முழங்கால் மிகவும் மடங்கிய நிலையில் மிதியை அழுத்தினால், அச்சில்லு அடியெலும்பின்மேல் பலமாக நெருக்கப்படும். நிமிஷத்திற்கு 60 சுற்று மிதிப்பவனுடைய ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 3,600 முறை மடங்கி நீள்கிறது. சிறு பிசகும் இத்தனை முறை நேர்ந்தால் பெருந்துன்பமாகும்.

ஆசனம் தாழ்ந்திருப்பின் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்திருப்பின் பின்புறம் நோகும், இடுப்பும் இருபுறமும் அசையும். நம் பக்கத்தில் தாழ்ந்த ஆசனமே அதிகம். நிறுத்தும்போது இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டுமென்ற அச்சமே அதற்குக் காரணம். ஒரு பாதத்தின் முன்பகுதி ஊன்றினாலே போதும். இரண்டொரு நாளில் பழகிவிடும்.

சரியான உயரம் அறிவது எளிது. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் ஆசனத்தில் அமர்ந்து குதிகாலை மிதியின்மேல் வைத்து, அதனை அடிமட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கால் நேராக நீள வேண்டும். பின்னர்ப் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். ஆசனத்தண்டில் எல்லைக்குறி இருப்பின் அதற்குமேல் உயர்த்தலாகாது. திருகாணியை நன்றாக முடுக்குதல் அவசியம்.

வீட்டிற்கு ஒரே சைக்கிள் இருப்பது மற்றொரு சிக்கல். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-92-இல் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் பலர் ஆண்களின் வண்டியையே ஓட்டினர். 2001-02 முதல் நம் மாகாண அரசாங்கம் மாணவியருக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்டிகளிலும், மகள் பள்ளியிலிருந்து திரும்பியபின் தகப்பனார் ஏறுவதுண்டு. இருவர்க்கும் ஓர் உயரம் எங்ஙனம் பொருந்தும்? அவரவர்க்குரிய உயரத்தில் தண்டின்மேல் வர்ணக் கோடு இட்டு வைத்தால், ஸ்பானரைக் கொண்டு ஒரு நிமிஷத்தில் மாற்றலாம்.

பாரத்தையும் கருத வேண்டும். 20 லிட்டர் பால், கேனின் எடை நீங்கலாகவே, 20 கிலோவுக்குமேல் இருக்கும். பல்சக்கர வசதியில்லாத வண்டியில் அதனுடன் மேடேறுவது முழங்காலைக் கசக்குவதாகும். சிறுமலை, கரந்தமலை அடிவாரப் பாதைகளில் இறங்கித் தள்ளிச் செல்வது அவமானமன்று. சக்கரத்தில் காற்றுக் குறைந்திருப்பினும், சங்கிலி எண்ணெயின்றி வறண்டிருப்பினும், அந்தச் சுமையும் காலின்மேலேயே விழும்.

நோவு தோன்றிவிட்டால் சில நாள் பாரம் ஏற்றாமலும் நெடுந்தூரம் ஓட்டாமலும் இருத்தல் வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒரு கால்மணி நேரம் சுற்றிவைக்கலாம். தைலம் ஆறுதல் தரும். தாழ்ந்த ஆசனத்தை அது உயர்த்தாது. நோவு தணிந்தபின், திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறையாகக் காலையும் மாலையும் செய்துவரின் தொடைத் தசை வலுப்பெறும்.

முழங்கால் வீங்கிச் சிவந்து ஜுரம் காணினும், மடக்கிய கால் நீளாமல் பூட்டிக்கொள்ளினும், ஊன்ற முடியாது போயினும், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்; அங்கேயும் சைக்கிளில் செல்லலாகாது.