நீண்ட இணைய விலாசங்களும் சுருக்கு விலாசங்களும்

பட்டா நகல் பெறவும், மானியத்திற்கு விண்ணப்பம் செய்யவும், சந்தை விலை அறியவும் இக்காலத்தில் குடியானவர் கைப்பேசியில் ஓர் இணைய விலாசத்தைத் திறக்க வேண்டியிருக்கின்றது. அவ்விலாசங்களுட் பல மிக நீளமானவை. துறையின் பெயரில் தொடங்கி, சாய்கோடுகளும் கேள்விக்குறியும் எண்களுமாகச் சில சமயம் நூறு எழுத்துக்களையும் தாண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் பக்கம் திறவாது. ஒரு நெல் செயல்விளக்கத்தின்போது நான் அத்தகைய விலாசமொன்றைக் கரும்பலகையில் எழுதி, வந்திருந்தோரைப் பார்த்தெழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆயிற்று. முடித்தவருள்ளும் சிலருக்கே அது திறந்தது. "இந்நேரத்தில் அரைக் காணிக்கு நாற்றுப் பறித்திருக்கலாமே" என்று ஒரு பெரியவர் கூறியது நியாயமே.

இக்கஷ்டத்தை நீக்க ஏற்பட்டதே சுருக்கு விலாசம். இதன் தத்துவம் சிக்கலானதன்று. சேவை நடத்துவோர் தம் கம்ப்யூட்டரில் ஒரு பேரேடு வைத்திருக்கின்றனர். அதன் ஒருபுறம் சிறு குறி, மறுபுறம் நீண்ட விலாசம். நாம் சிறு குறியைத் தட்டினால் கைப்பேசி முதலில் அவர்களிடம் செல்லும். பேரேட்டிலுள்ள விலாசம் விடையாக வரும். உடனே கைப்பேசி அவ்விடம் போகும். ஊர் மாறியவரின் கடிதத்தில் தபால்காரர் புது விலாசம் எழுதி அனுப்புவதை இது ஒக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்து 26, பேரெழுத்து 26, இலக்கம் 10 ஆக 62 குறிகளைக் கொண்டு ஆறெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 5,680 கோடி அமைக்கலாமாதலின், குறிகளுக்குப் பஞ்சமில்லை.

அவ்விடையிலும் இரு வகை உண்டு. 301 என்பது 'நிரந்தரமாக மாறிவிட்டது' என்பதற்கும், 302 என்பது 'தற்காலிகமாக வேறிடத்தில் உளது' என்பதற்கும் அடையாளம். முன்னதைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை பேரேட்டைக் கேளாமலே பழைய இடத்திற்குப் போகக்கூடும். ஆகவே பருவந்தோறும் விண்ணப்பப் பக்கம் மாறும் அறிவிப்புகளுக்குப் பின்னதே ஏற்றது.

அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த கெவின் கில்பர்ட்சன் என்பவர் 2002ஆம் ஆண்டில் டைனியூஆர்எல் என்னும் சேவையைத் தொடங்கினார். பிட்லி 2008இல் வந்தது. கூகுள் கம்பெனியாரும் 2009இல் இத்தகையதொன்றை ஆரம்பித்தனர். ஆயின் 2019இல் புதுக் குறிகள் கொடுப்பதை நிறுத்திவிட்டனர். பழைய குறிகளும் 2025 ஆகஸ்டு 25க்குப் பின் செல்லா என்று 2024இல் அறிவித்து, பிறகு உபயோகத்திலுள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் எவரும் திறவாதிருந்த குறிகள் ஒழிந்தன. அக்குறிகளை அச்சிட்ட புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் என்னாயின என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

மடைத்திறவுகோல் அயலான் கையிலிருந்தால் தண்ணீர் எந்நாளும் வரும் என்பது நிச்சயமில்லை. இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் விதை மானிய அறிவிப்பொன்றில் இலவசச் சேவையொன்றின் குறியை அச்சிட்டுச் சாவடிகளில் ஒட்டுவித்தேன். இரு மாதத்தில் அச்சேவை மறைந்தது. அப்பெயரை வேறெவரோ வாங்கிக்கொண்டனர். திறந்தவருக்குக் கடன் தருவதாகக் கூறும் பக்கம் தோன்றிற்று. அதில் ஆதார் எண்ணைப் பதிந்துவிட்டு என்னிடம் வந்த இருவருக்கு நான் சொல்லத்தக்க மறுமொழி ஒன்றுமில்லை.

ஆதலால், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் சங்கங்களும் சொந்தமாக ஒரு தளப்பெயரை வாங்கி, அதை நீண்ட விலாசத்திற்குத் திருப்பிவிடுதல் உத்தமம். பெயர் விற்பவரிடமே பெரும்பாலும் இவ்வசதி கிடைக்கும். ஆண்டுச் சந்தாவை மட்டும் தவறவிடலாகாது. தவறினால் பெயர் பிறர் வசமாகும். கிராம அதிகாரிகள் துறையின் சொந்தத் தளத்திலேயே குறுகிய பக்கம் கேட்டுப் பெறுவது அதனினும் நன்று, 'கவ்.இன்' என முடியும் பெயர் தனியாருக்குக் கொடுக்கப்படுவதில்லை. குறியாகப் பொருளுள்ள சொல்லொன்றைச் சிற்றெழுத்தில் வைத்தால் எழுதிக்கொள்ளப் பிழை நேராது. பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் கலந்த குறிகள் கரும்பலகைக்கு ஆகா.

இனி, பிறர் அனுப்பும் குறிகளைப் பற்றி. சுருக்கு விலாசம் தான் போகுமிடத்தை மறைக்கின்றது. மோசக்காரருக்கு வேண்டுவதும் அதுவே. பிட்லி குறியின் கடைசியில் கூட்டல் அடையாளம் இட்டுத் திறந்தால், அங்கே போகாமலே போகுமிடம் தெரியவரும். பதிவு பெறாத இணைப்புள்ள வியாபாரக் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தார் உத்தரவிட்டனர். எனினும் வாட்ஸ்அப்பில் வருவனவற்றிற்கு அக்காவல் இல்லை. உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லிச் செயலியொன்றை இறக்கிக்கொள்ளத் தூண்டும் குறியைத் தொடவே வேண்டாம். பணம் பறிபோயிற்றென்று தெரிந்த மாத்திரத்தில் 1930 என்னும் எண்ணுக்குப் பேசுக. தாமதிக்குந்தோறும் அது மீள்வது அரிதாகும்.

சாவடியிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டியுள்ள பழைய அறிவிப்புகளின் குறிகளை ஒருமுறை திறந்து பார்த்து, செல்லாதவற்றைக் கிழித்துவிடும்படி கிராம அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.