களிமண் சொன்ன சாட்சி

"பூமி பிளந்ததை யார் ஸார் பார்த்தார்கள்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் ஆரம்பித்த காரியத்துக்குக் கண்கண்ட சாட்சி ஏது? சாட்சியில்லாத இந்த வழக்கைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் பரிசோதனைச் சாலையிலே விசாரிக்கிறார்கள்.

ஐரோப்பாவில் ரைன் நதி, வோஜ் மலைக்கும் கருங்காட்டு மலைக்கும் நடுவே, சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தில் ஓடுகிறது. இது நதி அரித்த பள்ளம் அன்று. நிலமே அமிழ்ந்த பள்ளம். 1930-ஆம் வருஷத்தையொட்டி, ஜெர்மனியிலுள்ள பான் நகரத்துப் பேராசிரியர் ஹான்ஸ் க்ளோஸ் ஈரக் களிமண்ணைப் பரப்பி, அதன் அடித்தளத்தை இருபுறமும் மெல்ல இழுத்தார். களிமண் இரண்டு சரிவான பிளவுகளாக வெடித்தது. நடுத்துண்டு கீழே இறங்கியது. ரைன் பள்ளத்தாக்கின் குழந்தை உருவம் மேஜைமேல் பிறந்துவிட்டது!

"பாறை எங்கே, களிமண் எங்கே?" என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கரான கிங் ஹப்பர்ட் 1937-இல் இதற்குக் கணக்கோடு விடை சொன்னார். உருவத்தைச் சுருக்கினால் பலத்தையும் அதற்கேற்பச் சுருக்க வேண்டும். மேஜையளவுப் பூமிக்குக் கருங்கல் மிதமிஞ்சிய உறுதி. மணலும் களிமண்ணுமே பொருத்தம். ஆகவேதான் இன்று மேலோட்டுப் பாறைக்குப் பதில் உலர்ந்த மணலையும், ஆழத்தில் இளகிய பாறைக்குப் பதில் பாகுபோன்ற சிலிக்கோனையும் வைக்கிறார்கள். பெட்டியை உடைக்காமலே, பிளவு வளர்வதை எக்ஸ்-ரே கதிரால் படிப்படியாகப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை: இப்படி நடந்திருக்கலாம் என்றுதான் மணல் சொல்லும். இப்படித்தான் நடந்தது என்று சொல்ல வேண்டியது பாறை. இரண்டு சாட்சியமும் ஒத்தால்தான் தீர்ப்பு. அந்தப் பையனுக்கும் இதையே சொன்னேன்.