செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியா

'செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க' என்னும் வினாவுக்கு விடை எழுதாத மாணவர் இருக்க முடியாது. நடுவில் உட்கரு, அதைச் சுற்றிச் சைட்டோபிளாசம், அதில் ஆங்காங்கே அவரை விதை போன்ற மைட்டோகாண்ட்ரியா. இந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு நாம் இரண்டு கோடுகள் போடுகிறோம். வெளிச்சவ்வு ஒன்று, மடிப்பு மடிப்பான உட்சவ்வு ஒன்று. ஒரு சவ்வு போதாதா? இந்தச் சிறிய கேள்வியைப் பின்தொடர்ந்தால், 150 கோடி ஆண்டுகளுக்கும் முன் நிகழ்ந்த ஒரு குடியேற்றத்தில் போய் நிற்போம்.

மின்னழுத்தம் தாங்கும் சவ்வு

மைட்டோகாண்ட்ரியாவின் முக்கிய வேலை, உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குவது. அது நடைபெறும் வழியை 1961-ல் எடுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பீட்டர் மிட்சல். இதற்காக 1978-ல் அவர் நோபல் பரிசு பெற்றார். உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் உட்சவ்விலுள்ள புரதங்களின் வழியாக ஆக்சிஜனைச் சென்றடைகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே இறைக்கப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல, அந்தப் புரோட்டான்கள் உள்ளே திரும்பும்போது ஒரு நொதியைச் சுழற்றி ஏ.டி.பி.யை உருவாக்குகின்றன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட். டார்ச் விளக்கின் மின்கலம் தருவதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் தடிமனோ சுமார் 5 நானோமீட்டர். மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது! காற்றில் மின்பொறி பாய்வதற்கு மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் போதும்.

வியப்பு இதோடு முடியவில்லை. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் பாக்டீரியாவும் இதே முறையில்தான் ஏ.டி.பி. தயாரிக்கிறது, தன் உடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் மீதே அதைச் செய்கிறது. அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு, ஒரு காலத்தில் ஒரு பாக்டீரியாவின் உடற்போர்வையாக இருந்திருக்குமோ?

பழைய எண்ணம், புதிய சான்று

இத்தகைய எண்ணம் புதியதன்று. தாவரத்தின் பசுங்கணிகங்கள் முன்பு தனித்து வாழ்ந்த உயிர்கள் என்று ரஷ்ய நாட்டு மெரெஷ்கோவ்ஸ்கி 1905-லேயே எழுதினார். சோதித்துப் பார்க்க வழியில்லாததால் அக்கருத்து ஒதுக்கப்பட்டது. 1963-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. இழைகள் காணப்பட்டபோது நிலைமை மாறியது. 1967-ல் அமெரிக்க அறிஞர் லின் மார்குலிஸ் பழைய எண்ணத்தைப் புதிய சான்றுகளோடு முன்வைத்தார். பல ஆய்விதழ்கள் மறுத்த பின்னரே அக்கட்டுரை அச்சேறியது.

அதன் பிறகு சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. செல் தன்னிடமுள்ள பொருள்களைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகச் செய்துகொள்வதில்லை. இருப்பதே வளர்ந்து, பாக்டீரியாவைப்போல இரண்டாகப் பிரிகிறது. பாக்டீரியாவின் ரைபோசோம்களைத் தாக்கும் குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்களையும் தாக்குகிறது. சைட்டோபிளாசத்தில் உள்ளவற்றை விட்டுவிடுகிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 1981-ல் முழுவதும் படிக்கப்பட்டது. 16,569 இணைகள் கொண்ட அது, பாக்டீரியாவில் உள்ளதுபோல ஒரு வளையம். 1998-ல் டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா பாக்டீரியாவின் ஜீன்களைப் படித்தபோது, அதன் உறவு மைட்டோகாண்ட்ரியாவுக்கு மிக நெருங்கியது எனத் தெரிந்தது. பசுங்கணிகங்களின் உறவினரோ நீலப்பசும் பாக்டீரியாக்கள்.

ஏன் வெளியேற முடியாது?

முன்பு தனித்து வாழ்ந்தது என்றால், இன்று வெளியே எடுத்து வளர்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தேவை. மனித செல்லில் அது தானே செய்துகொள்பவை 13 மட்டுமே. அதன் பழைய ஜீன்களில் பல மறைந்தன. பல உட்கருவுக்கு இடம் பெயர்ந்தன. விருந்தாளி தன் வீட்டுப் பத்திரத்தை விருந்தளித்தவரிடமே ஒப்படைத்துவிட்ட நிலை இது!

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. ஒரு பாக்டீரியாவின் ஜீனை வேறோர் உயிரின் உட்கரு எப்படிப் படித்துப் பொருள் கொள்ள முடிந்தது? இரண்டும் ஏறத்தாழ ஒரே மரபுக் குறியீட்டில் எழுதப்பட்டவை என்பதால்தான். அந்தக் குறியீடு இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து வந்தது. பரிணாமத்தைக் கிளை விடும் மரமாக வரைகிறோம். இங்கே, வெகு காலத்துக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகள் மீண்டும் ஒட்டி ஒன்றாயின.

ஆளல்ல, சான்றே

மார்குலிஸ் இன்னொன்றும் கூறினார். சில செல்கள் நீந்துவதற்கு உதவும் கசையிழைகளும் பாக்டீரியாவிலிருந்து வந்தவையே என்றார். கசையிழைக்குள் தனி டி.என்.ஏ. இருப்பது நிலைநாட்டப்படவில்லை, பாக்டீரியா உறவைக் காட்டும் சான்றும் கிட்டவில்லை. எனவே அக்கருத்தை அறிவியல் ஏற்கவில்லை. கூறியவர் ஒருவரே, ஆயினும் சான்று உள்ளது நின்றது, இல்லாதது நிற்கவில்லை. பாடநூலில் படிக்கும் எந்தக் கருத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவைக் காண்பது கடினம். ஆனால் பசுங்கணிகங்களைக் காண்பது எளிது. குளத்திலிருந்து ஒரு ஹைட்ரில்லா இலையைக் கொணர்ந்து, நீர்த்துளியில் வைத்து நோக்குங்கள். செல் சுவரை ஒட்டிப் பச்சை மணிகள் தெரியும். வெளிச்சம் பட்டுச் சற்று நேரமானால் அவை வரிசையாக நகர்வதையும் காணலாம். அவற்றை நகர்த்துவது செல்லே. ஆனால் அவற்றின் முன்னோர் தனித்து வாழ்ந்தவர்கள்.