பொன்னாடை போதும், பி.பி.ஓ.வை எடுத்து வாருங்கள்

டிசம்பர் பிறந்தால் ஓய்வூதியர் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்கள் வரிசைகட்டும். பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடும் தானமல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். பழைய சகாக்கள் கூடுகிறார்கள். எண்பதைத் தொட்டவர்களுக்குப் பொன்னாடை, வரவு செலவு வாசிப்பு, இலை போட்டுச் சாப்பாடு, கடைசியில் குரூப் போட்டோ. அந்த ஆண்டு இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் எழுந்தும் நிற்கிறோம். அவர்களில் ஒருவருடைய மனைவிக்காவது குடும்ப பென்ஷன் வந்து சேர்ந்ததா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

பல வீடுகளில் அது வந்து சேர்ந்திருக்காது. புதுவையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதை ஒன்று உண்டு. கணவர் ஓய்வுபெற்ற காலத்தில் எழுதிய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் வழங்கும் ஆணைப் புத்தகம், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அதில் மனைவியின் பெயர் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருக்கும். 'முருகம்மாள்' என்ற பெயரின் ஒவ்வொரு உகரத்துக்கும் ஓ, யூ என இரண்டு எழுத்து. ஆதாரில் வெறும் யூ. பேங்க் பாஸ்புக்கில் அதுவும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டு. பிறந்த தேதிக்கான கட்டம் காலி. கணவர் போன பிறகு மூன்று காகிதங்களையும் கவுன்ட்டரில் வைத்தால், "பெயர் ஒத்துப்போகவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் வேறொரு அதிகாரி உட்கார்ந்திருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எழுபத்தைந்து வயது அம்மாவை இப்படி அலைக்கழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பெயரை அவர் கணவர் உயிருடன் இருந்தபோதே ஒரே கடிதத்தில் திருத்தியிருக்கலாம் என்பதும் உண்மை.

அந்தக் கடிதத்தைப் பேங்க்குக்கு எழுதாதீர்கள். பி.பி.ஓ.வில் இருப்பதை மாற்றப் பேங்க்குக்கு அதிகாரம் இல்லை. கடைசியாக எந்த அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றீர்களோ அந்த அலுவலகத் தலைவருக்கு எழுதுங்கள். புதுவை அரசு என்றால் அது துறை வழியாகக் கணக்கு மற்றும் கருவூலத் துறைக்குப் போக வேண்டும். மத்திய அரசு என்றால் சம்பளக் கணக்கு அலுவலகத்திலிருந்து டெல்லியில் உள்ள மத்திய பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் பேங்க்கின் பென்ஷன் மையத்துக்கு வரும். பி.பி.ஓ. நகல், மனைவியின் ஆதார், பான் அட்டை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள். மனைவியின் பிறந்த தேதியையும் அதே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 80 வயதானால் குடும்ப பென்ஷனிலும் 20 சதவீதம் கூடுகிறது, 85-இல் அது 30 சதவீதம். தேதி பதிவில் இல்லாவிட்டால் இந்த உயர்வு தானாக வராது. 80 முடிந்து பல ஆண்டு கழித்தும் பழைய தொகையையே வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

அடுத்தது ஜாயின்ட் அக்கவுண்ட். பென்ஷன் கணக்கை மனைவியோடு மட்டும் கூட்டாக, இருவரில் யாரும் இயக்கலாம் என்ற வகையில் வையுங்கள். மகனோடு அல்ல, மருமகனோடு அல்ல. பி.பி.ஓ.வில் மனைவி பெயரும், பேங்க்கில் இந்தக் கூட்டுக் கணக்கும் இருந்தால், மத்திய அரசு விதியின் கீழ் வரும் பென்ஷனருக்கு நீண்ட விண்ணப்பப் படிவமே தேவையில்லை. ஒரு சாதாரணக் கடிதம், இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. நகல், வயதுச் சான்று, அதிகப்படியாகப் பணம் வந்தால் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழி, இவ்வளவுதான். "புதுக் கணக்கு தொடங்கினால்தான் குடும்ப பென்ஷன்" என்று பேங்க் வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் பேங்க் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அரசு பென்ஷனைப் பேங்க் தன் தாமதத்தால் பிந்திப் போட்டால், பென்ஷனர் கேட்காமலே ஆண்டுக்கு 8 சதவீத வட்டியும் சேர்த்துப் போட வேண்டும். இதைக் கவுன்ட்டரில் சத்தமாகச் சொல்லுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரத்துக்கு 14448 என்ற எண்.

இறப்புச் சான்றிதழிலும் புதுவைக்காரர்கள் தடுமாறுகிறார்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. டவுனில் குடியிருந்தவர் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் இறந்தால் உழவர்கரை நகராட்சியில் கேட்க வேண்டும். புதுச்சேரி நகராட்சியில் நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிவு நடக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட அதிகாரியின் உத்தரவு வேண்டும். பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துக்க வீட்டில் இதை யார் பார்ப்பார்கள்? சங்கத்துச் செயலாளர் பார்க்கட்டும். சங்கம் வேறெதற்கு இருக்கிறது?

மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சம்பாதிக்க இயலாத அந்தப் பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப பென்ஷன் உண்டு. பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துப் பெயரை பி.பி.ஓ.வில் ஏற்றிவிடலாம். தள்ளிப்போடாதீர்கள். திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கும் சம்பாத்தியம் இல்லாவிட்டால் உரிமை உண்டு. ஆனால் விவாகரத்து வழக்கு, பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கும்போதே தாக்கலாகியிருக்க வேண்டும்.

லைஃப் சர்டிபிகேட்டுக்கு வருவோம். மத்திய அரசு பென்ஷனர் அதை நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும், 80 தாண்டியவர் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். டிசம்பர் 17 கூட்டத்தில் வந்து "மறந்துட்டேன்" என்று சொல்லிப் பயனில்லை. செல்போனிலேயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றை எடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் பிரமாண் எண்ணோடு குறுஞ்செய்தி வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சான்று உருவாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். பி.பி.ஓ. எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினாலும் நிராகரிப்பார்கள். பென்ஷன் வழங்கும் இடம் அதை ஏற்றுக்கொண்டதா என்று சரிபாருங்கள். காகிதமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

ஏ.எஃப்.டி. போன்ற மில்களில் உழைத்து பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்களுக்கு நவம்பர் கணக்கு கிடையாது. போன தடவை கொடுத்த நாளிலிருந்து 12 மாதம். நவம்பருக்குக் காத்திருந்து, நடுவிலேயே பென்ஷன் நின்றுபோனவர்கள் உண்டு. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்) குடும்பங்களுக்கு வழி முற்றிலும் வேறு. கணவருக்குப் பின் மனைவிக்குரிய பங்கு தானாக வராது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

சங்க நிர்வாகிகள் கோபிக்கக் கூடாது, உங்களிடமும் கேட்க இருக்கிறது. ஆண்டு மலர் என்ற பெயரில் உறுப்பினரின் பிறந்த தேதி, செல் எண், சில சமயம் பி.பி.ஓ. எண்ணையும் அச்சிட்டு ஊருக்கே கொடுக்கிறீர்கள். வாட்ஸ்ஆப் குழுவிலும் போடுகிறீர்கள். "உங்க லைஃப் சர்டிபிகேட் காலாவதியாயிடுச்சு சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று பேசுகிற மோசடிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெயரும் பணியாற்றிய துறையும் போதும். எந்தப் பேங்க்கும், எந்தக் கருவூலமும் போனில் ஓ.டி.பி. கேட்காது. மறுபடியும் சொல்கிறேன், கேட்காது. பணம் போய்விட்டால் மகன் ஆபீசிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

இன்னொன்று. புதுவையில் சங்கங்கள் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும் என்கிறது அதன் 4-ஆவது பிரிவு. அதை விட்டுவிட்டால், கையெழுத்துப் போடும் பொருளாளர் காலமானதும் யார் நிர்வாகி என்று காட்ட முடியாமல் சங்கத்தின் பணமும் பேங்க்கில் முடங்கும்.

அடுத்த கூட்டத்தை அக்டோபரிலேயே வையுங்கள். அழைப்பிதழில் "பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக் கொண்டு வரவும்" என்று அச்சிடுங்கள். வாசலில் ஒரு மேஜை போட்டு, மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேரை உட்கார வையுங்கள். அந்த ஆண்டு இறந்தவர்களின் மனைவிமாரையும் அழையுங்கள். அவர்களுடைய காகிதங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.